லொதார் எப்படிடா வேதாளர் ஆவான்?

நெற்குப்பைத் தகரப் பெட்டியிலிருந்து கிளம்பிய ஒரு காமிக்ஸ் வழக்கு

நெற்குப்பையில் ஒரு கல்யாண வீடு. முகப்பில் வருகிறவர்களை வாங்க வாங்க என்று கும்பிட்டு உட்காரவைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் கட்டில் மட்டும் வேறொரு கூட்டம். பந்திக்கு அண்டா எடுக்கப் போன இடத்தில், பாத்திர வரிசைக்குப் பின்னால் துருவேறிய தகரப் பெட்டி ஒன்று அகப்பட்டிருக்கிறது. தாழ்ப்பாளைத் தட்டித் திறந்ததும் அந்துருண்டை வாடை. மேலே பழைய பஞ்சாங்கம், அதற்கடியில் சணல் கயிறு போட்டுக் கட்டிய காமிக்ஸ் கட்டுகள். அட்டை போன முத்து காமிக்ஸ், முனை மடங்கிய ராணி காமிக்ஸ். ஒன்றின் முதல் பக்கத்தில் நீல மையில், 'இரவல் கேட்காதே' என்று பள்ளிக்கூடத்துக் கையெழுத்து.

அறுபதைத் தாண்டிய அந்தக் கையெழுத்துக்காரர் தரையிலேயே சம்மணம் போட்டுவிட்டார். பெங்களூரிலிருந்து வந்திருக்கும் அக்காள் மகன் செல்போனை நீட்டுகிறான்.

"அம்மான், இதப் பாருங்க. உங்க வேதாளர் செத்துட்டாரு. இப்ப லொதார்தான் வேதாளர்."

"யாரு, மாண்ட்ரேக் கூடவே திரியுற லொதாரா? அவன் எப்படிடா வேதாளர் ஆவான்? டயானா பெத்த பையன் ஒருத்தன் இருக்கான்ல?"

"இந்தக் கதையில அந்தப் பையன் இல்ல அம்மான்."

"அப்ப இந்தக் கதை கணக்குல சேத்தி இல்ல."

வெற்றிலைத் தட்டோடு கடந்துபோன ஆச்சி ஒருவர் நின்று காது கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வாரிசு இல்லேன்னா பங்காளி வகையில புள்ள கூட்டியிருப்பாக. இதுக்குப் போயி ஏன் சண்ட போடுறீக?"

வாரிசு இல்லாத வீடு பிள்ளை கூட்டிக்கொள்வது நகரத்தார் வீடுகளில் நடைமுறை. ஆச்சி போகிற போக்கில் சொன்னதுதான் இன்றைக்கு உலகம் முழுக்க காமிக்ஸ், சினிமா ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வியும். ஒருவர் கதையின் நாயகன் இன்னொருவர் கதைக்குள் வந்து போனால், அது உண்மையிலேயே நடந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? 'கேனன்' என்கிறார்கள் இளசுகள். சேர்த்தியா, சேர்த்தியில்லையா என்கிறார் அம்மான். அதை முடிவு செய்கிற அதிகாரம் எழுதியவருக்கா, உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்கா, அச்சடித்தவருக்கா, காசு கொடுத்து வாங்கிப் படித்தவருக்கா?

பயண நூல்களாலும் மாவட்ட வரலாறுகளாலும் பேர் பெற்ற சோமலெ 1921இல் பிறந்த ஊர் இது. எதையும் எழுதி வைத்துக் கணக்குப் பார்க்கும் பழக்கம் இந்த வட்டாரத்துக்கு உண்டு. ஆகவே வழக்கை இங்கிருந்தே எடுத்துக்கொள்வோம்.

சிவகாசி வைத்த பெயர்

தமிழ் வாசகனின் குழப்பம் அமெரிக்க வாசகனுடையதைவிட ஒரு சுற்று அதிகம். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழ் வந்தபோது அதன் நாயகன் 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் பிறந்த லூயிஸ் கிராண்டேல். ஒரு கை எஃகு, மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கையைத் தவிர உடம்பு முழுக்க மறைந்துபோகும். லீ ஃபாக் படைத்த முகமூடிக்காரருக்கு முத்து காமிக்ஸ் வைத்த பெயர் வேதாளர். அதே முகமூடிக்காரர் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸுக்கு வந்தபோது அங்கே அவர் பெயர் மாயாவி!

அதாவது, ஒரே ஆளுக்கு இரண்டு பெயர். ஒரே பெயருக்கு இரண்டு ஆள். "மாயாவி பெரியவரா, வேதாளர் பெரியவரா?" என்று அந்தக் காலத்தில் கட்டிப்புரண்ட பையன்களில் பாதிப்பேர் ஒரே ஆளுக்காகத்தான் இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள்.

பெட்டிச் செய்தி: யார், எப்போது?
• மாண்ட்ரேக் அமெரிக்க நாளிதழ்களில் அறிமுகமானது 1934 ஜூன் 11. வேதாளர் 1936 பிப்ரவரி 17. இரண்டுக்கும் கதை லீ ஃபாக். இரண்டையும் விநியோகித்தது கிங் ஃபீச்சர்ஸ்.
• டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் இந்திரஜால் காமிக்ஸ் 1964 முதல் 1990 வரை வந்தது. சில காலம் தமிழிலும். வேதாளரின் நாட்டுப் பெயர் வங்காளத்தை நினைவுபடுத்தியதால் அதை 'டெங்காலி' என்று மாற்றினார்கள்.
• லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் இரண்டும் தொடங்கியது 1984இல்.
• வேதாளர் பரம்பரையின் தொடக்கம் 1536. நாம் படிப்பது 21ஆம் தலைமுறை வேதாளரின் கதை.

கல்யாணத்துக்கு வந்த மாண்ட்ரேக்

வேதாளருக்கும் டயானாவுக்கும் 1977இல் கல்யாணம் நடந்தது. விருந்தினர் வரிசையில் மாண்ட்ரேக்கும் லொதாரும் இருந்தார்கள். நாற்பது வருடமாகத் தனித்தனித் தெருவில் நடந்துகொண்டிருந்த இரண்டு கதைகள் ஒரே பந்தியில் உட்கார்ந்த நாள் அது. இதை யாரும் மறுத்ததில்லை. எப்படி மறுப்பது? இரண்டு பேரையும் பெற்றவர் ஒருவர். அவரே பத்திரிகை வைத்து அழைத்திருக்கிறார்.

அடுத்த கூட்டணி 1986இல் வந்தது. 'டிஃபென்டர்ஸ் ஆஃப் தி எர்த்' என்ற தொலைக்காட்சி கார்ட்டூனில் வேதாளர், மாண்ட்ரேக், லொதார், ஃப்ளாஷ் கார்டன் எல்லோரும் சேர்ந்து மிங் என்ற வில்லனை எதிர்த்தார்கள். மறு ஆண்டு மார்வெல் அதை காமிக்ஸாகவும் போட்டது. கதை நடப்பது 2015இல். அந்த வேதாளர் 27ஆம் தலைமுறை, அவருக்கு ஜெட்டா என்று ஒரு மகள். நாளிதழ் கதையில் 21ஆம் ஆள் இன்னும் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறார். அவருக்கு இரட்டைக் குழந்தைகள்: கிட், ஹெலோயிஸ். 2015க்குள் ஆறு தலைமுறை எப்படி ஓடியது? கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டாலும் இந்தத் தொகை நேராகாது.

செல்போனில் மருமகன் காட்டியது இன்னும் பிந்தியது. டைனமைட் நிறுவனம் 2013இல் 'கிங்ஸ் வாட்ச்' என்று ஒரு தொடர் வெளியிட்டது. ஃப்ளாஷ் கார்டன், மாண்ட்ரேக், வேதாளர் மூவரும் மறுபடி ஒன்று சேர்கிறார்கள்; முடிவில் வேதாளர் இறக்கிறார். 2015இல் வந்த தொடர்ச்சியில், சரியான வாரிசு கிடைக்கும் வரை முகமூடியை லொதார் போட்டுக்கொள்கிறார். பிள்ளை கூட்டியதாகச் சொன்ன ஆச்சி அவ்வளவு தூரம் தப்பாகச் சொல்லிவிடவில்லை.

மூன்று கூட்டணிக்கும் உரிமையாளர் ஒருவரே, கிங் ஃபீச்சர்ஸ். உரிமைப் பத்திரம் மட்டும் போதும் என்றால் மூன்றும் செல்ல வேண்டும். ஆனால் அம்மான் மட்டுமில்லை, உலகம் முழுக்க உள்ள வேதாளர் பக்தர்கள் முதலாவதை மட்டும் மறு பேச்சில்லாமல் ஏற்கிறார்கள். 1999இல் லீ ஃபாக் மறைந்த பின் நாளிதழ்க் கதையை எழுதிவரும் டோனி டிபால், ஃபாக் விட்ட இடத்திலிருந்தே நூல் பிடித்துப் போகிறார். கிட்டும் ஹெலோயிஸும் அவர் கதையில் வளர்ந்து நிற்கிறார்கள். எழுதியவர் மாறினாலும் பரவாயில்லை, வரவு செலவு தொடர்ந்து வந்திருக்க வேண்டும் என்பதுதான் வாசகர் பார்க்கும் கணக்கு.

வேதாளர் கதைக்குள்ளேயே இதற்கு ஒரு ஏற்பாடு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மண்டை ஓட்டுக் குகையில் ஒரு அறை நிறைய தடித்த குறிப்பேடுகள். ஒவ்வொரு வேதாளரும் தன் காலத்தில் நடந்ததைத் தன் கையால் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். செட்டிநாட்டு வீட்டுப் பேரேடு மாதிரிதான்: ஏட்டில் ஏறியது வரவு, ஏறாதது வாய்ப்பேச்சு.

சிறைக்குள் மாயாவி

வேதாளர் வழக்காவது உள்வீட்டு வழக்கு. இரும்புக்கை மாயாவியின் வழக்கு இன்னும் வேடிக்கையானது.

மாயாவி, குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி. தமிழ்நாட்டில் இந்த மூவரும் சிவகாசியின் வீட்டுப் பிள்ளைகள். பிறந்த மண்ணிலோ அவர்களை முக்கால்வாசி மறந்தாயிற்று. ஸ்பைடரும் ஆர்ச்சியும் வந்த பிரிட்டிஷ் 'லயன்' 1974இல் நின்றது. மாயாவி வந்த 'வேலியன்ட்' 1976இல் நின்றது. அங்கே சிங்கம் படுத்துப் பத்து வருடம் கழித்து, அதே பெயரில் சிவகாசியில் ஒரு சிங்கம் எழுந்தது. ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது அந்த நாளில் அதைப் படித்த நம் பையன்கள் அறியாத சேதி.

2005இல் 'ஆல்பியன்' என்ற காமிக்ஸ் தொடர் வந்தது. கதைத் திட்டம் ஆலன் மூர். எழுதியவர்கள் அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும். ஆறு இதழ்கள். பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர்கள் எல்லோரும் நிஜ மனிதர்கள், அவர்களை அரசாங்கமே பிடித்து ஸ்காட்லாந்தில் ஒரு ரகசியச் சிறையில் பல ஆண்டுகளாக அடைத்து வைத்திருக்கிறது என்பது கதை. மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மூவரும் ஒரே புத்தகத்தில்! சின்ன வயதில் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நாம் வரைந்து பார்த்த கூட்டணி. ஆனால் கையில் கிடைத்தபோது அது கொண்டாட்டமாக இல்லை. துக்க வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு கட்சி உண்டு. 'ஆல்பியன்' மறக்கப்பட்ட நாயகர்களைப் பற்றிய கதை. தமிழில் அவர்கள் மறக்கப்படவே இல்லை. ஐம்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப அச்சேறி, புத்தகக் கண்காட்சிக்குக் கண்காட்சி தாத்தாக்கள் பேரன்களைக் கூட்டிவந்து வாங்கிக்கொடுக்கும் ஒருவரை ஸ்காட்லாந்துச் சிறையில் போட்டால், அந்தச் சிறை தமிழ் வாசகன் உலகத்தில் கிடையாது. கதை நன்றாயில்லை என்பதல்ல. ஆலன் மூர் பேரைப் பார்த்து நானும் காசு கொடுத்து வாங்கியவன்தான். அது வேறு ஊர்க்காரர்களின் ஏக்கம், அவ்வளவே.

ஒரு நாயகனை ஓர் ஊர் தன் பாட்டில் வளர்த்தெடுப்பது நமக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. ஸ்வீடனில் வேதாளர் இதழ் 1950 முதல் வருகிறது. 1960களிலிருந்து அவர்கள் தாங்களே ஆள் வைத்துப் புதுக் கதைகள் எழுதிக்கொள்கிறார்கள். அங்கே பிறந்து வளர்ந்த வாசகனுக்கு அதுதான் வேதாளர்.

கம்பன் ஊரில் இது பழைய வழக்கு

காரைக்குடிக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதாகவே இருக்காது. சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய ஊர் அது. ஆண்டுதோறும் கம்பன் விழா. நிறைவு, பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் உள்ள கம்பன் சமாதியில். அந்த மேடைகளைச் சுற்றி நடந்த சூடான சண்டைகளில் ஒன்று, எந்தப் பாட்டு கம்பனுடையது என்பது. ரசிகமணி டி.கே.சி. பாட்டின் ஓசையையும் உணர்ச்சியையும் காதால் நிறுத்துப் பார்த்து, 'இது கம்பன் வாக்கில்லை' என்று நூற்றுக்கணக்கில் தள்ளினார். சில இடங்களில் சொல்லையே மாற்றினார். ஏட்டுச்சுவடியைப் பாருங்கள், காதை நம்பாதீர்கள் என்று புலவர்கள் கொதித்தார்கள்.

பதிப்பாசிரியர்கள் கண்ட வழி நடைமுறைக்கு ஏற்றது. ஐயத்துக்கிடமான செய்யுள்களைக் கிழித்துப் போடவில்லை, நடுவில் கலக்கவும் விடவில்லை. 'மிகைப் பாடல்கள்' என்று தனியே தலைப்பிட்டு அச்சிட்டார்கள். விரும்பியவர் படிக்கலாம், பாடலாம், பட்டிமன்றத்தில் எடுத்து வீசலாம். கம்பன் பாடியது ஆறு காண்டம். உத்தர காண்டத்தைப் பாடியவர் ஒட்டக்கூத்தர் என்பது வழிவழிச் செய்தி. வேறொருவர் எழுதிய தொடர்ச்சி என்பது தெரிந்தேதான் படித்து வந்திருக்கிறோம். (கூட்டணிக் கதை வேண்டுமா? பாரதத்தில் பீமன் வழியை மறித்துக்கொண்டு அனுமன் படுத்துக் கிடந்ததைவிடப் பெரிய கிராஸ் ஓவர் எங்கே இருக்கிறது!)

இதே வேலையை 2014 ஏப்ரலில் லூகாஸ் ஃபிலிம் செய்தது. ஸ்டார் வார்ஸ் படங்களை ஒட்டிப் பல ஆண்டுகளாகக் குவிந்திருந்த நாவல்களும் காமிக்ஸும் இனி அதிகாரபூர்வக் கதையில் சேராது என்று அறிவித்தது. ரசிகர்கள் பொங்கினார்கள். ஆனால் அந்தப் புத்தகங்களை அழிக்கவில்லை. 'லெஜண்ட்ஸ்' என்று நெற்றியில் ஒரு பட்டை கட்டி இன்றும் விற்கிறார்கள். மிகைப் பாடலுக்கு விலையும் உண்டு என்று நிரூபித்திருக்கிறார்கள்.

சேராதது என்ன ஆகும்?

வம்பு பேசுவதற்கு மட்டும் என்றால் இத்தனை பக்கம் ஒதுக்க வேண்டியதில்லை. சேர்த்தியில்லை என்று ஒதுக்கப்படுவது கொஞ்ச நாளில் கண்ணிலேயே படாமல் போகிறது.

2003இல் டிசியும் மார்வெல்லும் சேர்ந்து ஜஸ்டிஸ் லீகையும் அவெஞ்சர்ஸையும் மோதவிட்டன. குர்ட் பியூசிக் எழுத்து, ஜார்ஜ் பெரெஸ் ஓவியம். இரண்டு கம்பெனிக்கும் பொதுச் சொத்து என்பதால் ஒருவர் சம்மதமில்லாமல் இன்னொருவர் மறுபதிப்புப் போட முடியாது. வருடக்கணக்கில் கடையில் கிடைக்கவில்லை. பெரெஸ் நோயாளியான பிறகு, அவரைப் போன்ற ஓவியர்களுக்கு உதவும் அறக்கட்டளைக்காக 2022இல் 7,000 பிரதி அச்சடித்தார்கள். உலகின் இரண்டு பெரிய காமிக்ஸ் கம்பெனிகளின் கூட்டணிக்கே இந்தக் கதி.

இந்தியாவில் இதற்கு இன்னொரு முகம். நாகராஜ், சூப்பர் கமாண்டோ துருவா இருவரையும் பலமுறை சேர்த்து வைத்து வட இந்தியப் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது ராஜ் காமிக்ஸ். அதைத் தொடங்கிய ராஜ்குமார் குப்தா 2020இல் மறைந்தபின் நிறுவனம் பிள்ளைகளுக்குள் பிரிந்தது. இப்போது ஒரே நாகராஜுக்கு வெவ்வேறு பங்காளிகள் புதுக் கதை போடுகிறார்கள். வளவை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தால் தூணை எண்ணிப் பங்கு போடலாம். நாயகனை எப்படிப் பங்கு போடுவது?

பெட்டிச் செய்தி: முடிந்த கதையா, முடியாத கதையா?
'XIII' தொடரை ழான் வான் ஹாமும் வில்லியம் வான்ஸும் 1984இல் தொடங்கினார்கள். தமிழில் 'இரத்தப் படலம்'. 2010இல் முதல் 18 பாகங்களையும் ஒரே தொகுதியாக லயன் காமிக்ஸ் போட்டது. வான் ஹாம் 2007இல் 19ஆம் பாகத்தோடு விடைபெற்றார். 2011 முதல் வேறொரு அணி தொடர்கிறது. 19இல் புத்தகத்தை மூடியவர்களும் உண்டு; இன்னும் வாங்கிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

தமிழில் சிக்கல் பணத்தில் வந்து நிற்கிறது. இன்றைய தமிழ் காமிக்ஸ் பெரும்பாலும் சந்தாவில் ஓடுகிறது. வருடத் தொடக்கத்தில் பணம் கட்டிவிட்டுப் புத்தகத்துக்குக் காத்திருக்கும் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு 'இதெல்லாம் சேர்த்தியில்லை' என்று தோன்றிவிட்டால் அந்தக் கதை தமிழுக்கு வரவே வராது. ஆங்கிலம் தெரிந்த மருமகன் போனில் படித்துக்கொள்வான். தமிழில் மட்டும் படிப்பவருக்கு அது பிறக்காத கதை. தமிழ் வாசகனுக்கு எது செல்லும் என்பதை நியூயார்க்கில் முடிவு செய்யவில்லை. எதை மொழிபெயர்ப்பது, எந்தப் பெயர் வைப்பது, எதை விட்டுவிடுவது என்று சிவகாசியில் ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

மறுபக்கம், நின்றுபோன ராணி காமிக்ஸ். அந்த இதழ்கள் இன்றைக்குப் பழைய புத்தகக் கடையிலும் இந்த மாதிரித் தகரப் பெட்டிகளிலும்தான் இருக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தூணுக்கும் கதவுக்கும் பீங்கான் சாமானுக்கும் விலை சொல்வார்கள்; காமிக்ஸ் கட்டு வீட்டைக் காலி செய்கிற அன்றே எடைக்குப் போய்விடுகிறது. இதே வட்டாரத்தில், கோட்டையூர் ரோஜா முத்தையா அடுத்தவர் குப்பை என்று தள்ளிய அழைப்பிதழையும் துண்டறிக்கையையும்கூடச் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பைப் பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று சென்னையில் அது ஆய்வு நூலகம். எது சேர்த்தி என்று அவர் அன்றைக்கே தரம் பிரிக்க உட்கார்ந்திருந்தால் பாதி மிஞ்சியிருக்காது.

தியேட்டருக்கு வந்த சண்டை

காமிக்ஸ் படிக்காத வீட்டிலும் இந்தப் பேச்சு நுழைந்ததற்குக் காரணம் இயக்குநர் லோகேஷ் கனகராஜ். 'கைதி' (2019) படத்தின் சங்கதிகள் 'விக்ரம்' (2022) படத்துக்குள் வந்தன. 1986 'விக்ரம்' படத்து ஏஜெண்டே முதுமையில் திரும்பி வந்தார். 'கைதி'யில் காவல் நிலையத்தைக் காத்த நெப்போலியன், 'லியோ'விலும் (2023) தலைகாட்டினார். 'மாஸ்டர்' அந்த உலகத்தில் இல்லை, 'கூலி'யும் (2025) இல்லை.

'லியோ' வந்த சில நாளில், அதன் ஃப்ளாஷ்பேக் ஒரு பாத்திரம் தன் பார்வையில் சொன்னது, நடந்தது வேறாகவும் இருக்கலாம் என்ற பொருளில் இயக்குநரே பேட்டி கொடுத்தார். படம் பார்த்தவர்கள் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. எழுதியவரே எதிரில் இருந்தாலும் வழக்கு முடிவதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். என் பார்வையில், திரையில் காட்டியதைப் பேட்டியில் திரும்ப வாங்க முடியாது. அடுத்த படத்தில் காட்டட்டும், ஏற்றுக்கொள்வோம்.

இனி வரப்போவது

இதுவரை உரிமையாளர் என்று ஒருவர் இருந்தார். திட்டுவதற்காவது ஒரு முகவரி இருந்தது. அமெரிக்கச் சட்டம் அந்தக் காலப் படைப்புகளுக்குத் தரும் பாதுகாப்பு 95 ஆண்டு. 1929இல் வந்த பாப்பாய் 2025 ஜனவரி 1 அன்று பொதுச் சொத்தாகியது. உடனே அவரைக் கொலைகாரனாக்கிப் பேய்ப் படங்கள் கிளம்பிவிட்டன. அதே கணக்கில் 1934ஆம் ஆண்டின் மாண்ட்ரேக் 2030 தொடக்கத்திலும், 1936ஆம் ஆண்டின் வேதாளர் 2032 தொடக்கத்திலும் அங்கே கைமாறுகிறார்கள். முதலில் விடுபடுவது தொடக்க காலக் கதைகள் மட்டும்தான். 1977 கல்யாணமும் இரட்டைக் குழந்தைகளும் பூட்டுக்குள்ளேயே இருக்கும். வணிகச் சின்ன உரிமை தனியாக நிற்கும்.

ஆக, 2032க்குப் பிறகு வேதாளரை வைத்து எவர் வேண்டுமானாலும் கூட்டணி போடலாம், ஆனால் கல்யாணமாகாத வேதாளரை வைத்துத்தான் போட முடியும். அந்த ஆளுக்கு கிட் என்று ஒரு மகன் இருக்க மாட்டான். நெற்குப்பை அம்மான் எழுப்பிய ஆட்சேபம், சட்டப்படியே அடிபட்டுப்போகும்.